சின்ன பிஸ்டலும் அதன் ட்ரிகரும்: டர்பனில் இதுவரை

டர்பனில் டிசம்பர் மாசப் புழுக்கத்தில் ஒரு டீ-ஷர்ட்டுக்கு மேல் எதையும் போட்டுக்கொண்டு நடமாட முடியாது. தென்னாப்பிரிக்கச் சட்டமோ, பொது இடத்துக்குக் கைத்துப்பாக்கி கொண்டுபோனால் அது ஹோல்ஸ்டரிலோ பையிலோ வெளியே தெரியாமல், நம் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்கிறது. அதனால்தான் பெரிய பிஸ்டல் பக்கம் போகாமல் க்ளாக் 43 என்ற சின்ன 9 எம்எம் பிஸ்டலை எடுத்தேன். துப்பாக்கிச் சட்டத்தின் 13ஆம் பிரிவில், அதாவது தற்காப்புக்கென்று, ஒருவருக்கு ஒரே லைசென்ஸ்தான், அதுவும் 5 வருஷத்துக்கு. ட்ரிகர் பிடிக்கவில்லையென்று அதே பிரிவில் இன்னொன்று வாங்கி வைத்துக்கொள்ள வழியில்லை. வந்ததோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான், நடத்திப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ட்ரிகரின் எடை. அதற்கென்று தனிக் கருவி விற்கிறார்கள், நான் ஷாட் என்னும் கடல் மீனை நிறுக்கும் கொக்கித் தராசையே மாட்டிப் பார்த்தேன் (பிஸ்டல் காலி, மேகசின் வெளியே, தோட்டா வேறு அறையில்). இரண்டரை கிலோ பக்கம் காட்டியது. பிஸ்டலோ மேகசின் இல்லாமல் அரைக் கிலோவுக்கும் குறைவு. தன் எடையைப் போல் ஐந்து மடங்கு விசையை விரல் கொடுத்தால் அந்தச் சின்ன உடம்பு எப்படி அசையாமல் நிற்கும்? கிட்டத்தட்ட ஒரு கிலோ எடையுள்ள சிஇசட் 75 போன்ற இரும்பு பிஸ்டலில், தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலை முன்பே பின்னால் ஏற்றி வைத்து ட்ரிகரை லேசாக்கிச் சுட்டால் இதே விரல் செய்யும் தப்பு தாளில் அவ்வளவாகத் தெரியாது. குறி பார்க்கும் முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் நடுவே இதில் சுமார் 13 செ.மீ.தான், ஆகவே சைட்டில் ஒரு மில்லிமீட்டர் விலகினால் 10 மீட்டரில் ஏழரை செ.மீ. தள்ளிப்போகும்.

க்ளாக்கில் ஸ்லைடு (மேலே முன்பின் நகரும் பாகம்) ஸ்ட்ரைக்கரை (தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி) பாதிதான் இழுத்து வைக்கும், மீதியை ட்ரிகர்தான் இழுக்க வேண்டும். அதனால் முதலில் லேசாகக் கொஞ்ச தூரம் வரும், பிறகு ஒரு இடத்தில் இடித்து நிற்கும், அங்கிருந்து ஸ்பாஞ்சை அமுக்குவதுபோல் கொஞ்சம் இழுபட்டுத்தான் விடும். அந்தக் கடைசித் துண்டைத்தான் எல்லாரும் திட்டுகிறார்கள். ரேஞ்சில் நண்பர் தன் சிக் பி365 என்ற இதே மாதிரி சின்ன பிஸ்டலைப் பக்கத்தில் நின்று சுடக் கொடுத்தார். அதில் ஸ்ட்ரைக்கர் ஏற்கெனவே ஏறக்குறைய முழுக்க ஏறியிருக்கும், அதனால் விடுபடும் இடம் சுத்தமாகத் தெரிகிறது, கைக்கும் சுகம். ஆனால் 7 மீட்டரில் தாளைக் கொண்டுவந்து பார்த்தால் என் ஓட்டைகள் அதிலும் அதே மாதிரி கீழே இடது பக்கம்தான். ட்ரிகரைக் குறை சொல்வதை அன்றைக்கு விட்டேன்.

அப்புறம் வீட்டில் காலித் துப்பாக்கிப் பயிற்சி. செங்கல் சுவரைப் பார்த்து, ஸ்னாப் கேப் (வெடிக்காத பயிற்சித் தோட்டா) போட்டு, முன்சைட் மேல் ஒரு நாணயத்தை வைத்து அழுத்துவது. ஒவ்வொரு முறையும் ட்ரிகர் செத்துப்போகும், ஸ்லைடை ஏதோ அரை செ.மீ. பின்னால் இழுத்துவிட்டால் மறுபடி உயிர் வரும், இது அலுப்புப் பிடித்த வேலை. தற்காப்பு லைசென்ஸுக்கு 200 தோட்டாவுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, 9 எம்எம் விலையும் சும்மா இல்லை, எனவே பழக்கத்தில் பாதி இப்படித்தான் வர வேண்டும்.

சுண்டு விரல்தான் விஷயம் என்று நாணயம் விழ விழத் தெரிந்தது. 6 தோட்டா மேகசினோடு பிடி குட்டையாக இருப்பதால் என் சுண்டு விரலுக்குக் கீழே இடமே இல்லை, அது காற்றில் தொங்கிக்கொண்டு பிடிமானம் தேடுகிறது, சுட்டுவிரல் மடங்கும் அதே நொடியில் மற்ற விரல்களும் கூடவே இறுகுகின்றன, பிஸ்டலின் மூக்கு கீழே இடது பக்கம் சாய்கிறது. மேகசின் அடியில் விரல் தாங்கும் நீட்டிப்பு போட்டதும் பாதி அசைவு போனது, மறைப்பதில் ஒரு விரல்கடை நஷ்டம்தான், பரவாயில்லை. மீதியை இடது கை பார்த்துக்கொள்கிறது: இறுக்கிப் பிடிப்பது அதன் வேலை, வலது கை கொஞ்சம் தளர்ந்திருந்தால் சுட்டுவிரல் தனியாக நகரும்.

விரல் நுனிச் சதையால் அழுத்து என்றுதான் சொல்லித் தருவார்கள். பெரிய பிஸ்டலுக்குச் சரி. இதில் கைப்பிடிக்கும் ட்ரிகருக்கும் தூரம் குறைவு, என் விரலோ நீளம், நுனியை வைத்தால் விரல் கொக்கிபோல் வளைந்து பக்கவாட்டில் தள்ளுகிறது. முதல் மூட்டு மடிப்பு வரை உள்ளே விட்டால் நேராகப் பின்னால் வருகிறது. கைக்குக் கை மாறும், நாணயத்தைக் கேட்டுப் பாருங்கள்.

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் பெரியப்பா மகன் ஐந்து குண்டு ரிவால்வர் வைத்திருக்கிறார். அதன் நீண்ட இழுவைக்கு என் தராசுமுள் ஐந்து கிலோவையும் தாண்டியது. "இதை ஒழுங்கா இழுத்துப் பழகு தம்பி, உன்னோடது பஞ்சு மாதிரி ஆகிடும்" என்றார். உண்மைதான். இடிக்கும் இடம் என்று ஒன்றும் இல்லாமல் ஒரே சீராக வரும் அந்த இழுவையில் கடைசி நொடியில் வெடுக்கென்று பிடுங்க வாய்ப்பே கிடைப்பதில்லை.

ட்ரிகரின் எடையைக் குறைக்க உள்ளே கனெக்டர் என்ற சின்னத் தகட்டை மாற்றச் சொல்பவர்களும் உண்டு. நான் மாற்றவில்லை. தனி சேஃப்டி பட்டன் இல்லாத பிஸ்டலை இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்து நிமிரும் எனக்கு அந்த முதல் தூரமும் இரண்டரை கிலோவும் தேவை. ட்ரிகர் கார்டை, அதாவது ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையத்தை, முழுக்க மூடும் கெட்டியான ஹோல்ஸ்டரும் அதே காரணத்துக்குத்தான். ரீசெட் க்ளிக்கை, அதாவது சுட்டபின் ட்ரிகர் முன்னால் வரும்போது மறுபடி தயாராகும் இடத்தை, விரலால் தேடிப் பிடித்து அடுத்ததைச் சுடும் வித்தை வீடியோவில் அழகாக இருக்கிறது, பதற்றத்தில் யார் அதைத் தேடுவது? விரலை முழுக்க முன்னால் விட்டு மறுபடி வருவதையே பழக்குகிறேன்.

இப்போது 7 மீட்டரில் ஓட்டைகள் கூட்டமாக நடுவில் விழுகின்றன. 15 மீட்டரில் இன்னும் கீழே இறங்குகின்றன, அது தோட்டா வெடிக்கும் என்று கை முன்கூட்டியே பயப்படுவது என்று நினைக்கிறேன். அடுத்த முறை மேகசினில் ஸ்னாப் கேப்பை எனக்குத் தெரியாமல் கலந்து நிரப்பித் தரும்படி அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். இடது கையால் மட்டும் சுடுவதைப் பற்றி இப்போதைக்குக் கேட்காதீர்கள்.