காரைக்குடி நாட்குறிப்பு: படிப்பு முடிந்த பிறகு

ஜூன் 9, 2025, திங்கள்

ரிசல்ட் வரும் மாதம். என்னிடம் மனநலக் கவுன்சலிங்குக்கு வருகிறவர்கள் இப்போது பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்கள்தான். இங்கே எழுத அவர்களிடம் கேட்டுவிட்டேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையும் மாற்றிவிட்டேன்.

காரைக்குடியில் தனியாக வருகிற பிள்ளை குறைவு. அம்மா, அப்பா, சில சமயம் சித்தப்பா என்று ஒரு கார் நிறைய வருவார்கள். இன்று வந்த அப்பா உட்கார்வதற்கு முன்பே கேட்டார்: "எத்தன தடவ வரணும் மேடம்? எப்ப சரியாவான்?" பையனுக்கு 23 வயது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் பத்து நிமிஷம் எல்லோரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவது என் வழக்கம். மகன் சொல்வதை அவன் சம்மதமில்லாமல் உங்களிடம் சொல்ல மாட்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் அந்தரங்கத்தைக் காக்கத்தான் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் சொல்வேன். இதைப் பையன் காதில் விழும்படி சொல்வதுதான் முக்கியம். அப்பா முகம் சுருங்கியது. பையன் முதல் தடவையாக நிமிர்ந்தான்.

ஜூன் 11, புதன்

அதே பையன், இன்று தனியாக. இன்ஜினீயரிங் முடித்து, கேம்பஸில் கிடைத்த வேலை தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் இல்லை என்றாகிவிட்டது. மதியம் வரை தூக்கம், ராத்திரி முழுக்க போன். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதில்லை, போனால் "இப்ப என்ன பண்றே?" என்று கேட்பார்களே.

இது மாற்றத்தின் சிரமமா, மனச்சோர்வு நோயா என்று பார்க்காமல் எதையும் தொடங்கக் கூடாது. பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளைக் கொடுத்தேன். கடைசி இரண்டு வாரங்களில் தூக்கம், பசி, ஆர்வம் எல்லாம் எப்படி இருந்தன என்று கேட்கும் தாள். ஒன்பதாவது கேள்வி சாக வேண்டும் என்ற எண்ணம் பற்றியது. அதை மட்டும் வாய்விட்டும் கேட்பேன். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. கேட்டதும் பலருக்கு மூச்சு விட முடிகிறது. இவனுக்கு அந்த எண்ணம் இல்லை. இருந்திருந்தால், அல்லது மதிப்பெண் அதிகமாக இருந்திருந்தால், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன். மருந்து எழுதுவது என் வேலை இல்லை.

பிறகு வில்லியம் பிரிட்ஜஸ் என்ற அமெரிக்கர் 1980 வாக்கில் சொன்னதை அவனுக்குச் சொன்னேன். எந்த மாற்றமும் முதலில் ஒரு முடிவில்தான் தொடங்குகிறது. நடுவில் எதுவும் பிடிபடாத ஒரு காலம். அப்புறம்தான் புதிய தொடக்கம். இங்கே யாரும் முதல் கட்டத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. நாலு வருஷ ஹாஸ்டல், நண்பர்கள், "ஸ்டூடண்ட்" என்ற பதில் எல்லாம் ஒரே வாரத்தில் போய்விட்டன. அதற்காக அவன் வருத்தப்பட்டதே இல்லையாம். வேலை கிடைக்காததற்கு மட்டும்தான் வருந்த அனுமதி இருந்ததுபோல.

ஜூன் 17, செவ்வாய்

கானாடுகாத்தானில் ஒரு விசேஷம். முகப்பில் உட்கார்ந்து பெரியவர்கள் பர்மாக் கதை பேசினார்கள். நகரத்தார் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன காலத்தில், கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்வது, அப்புறம் உதவிக்கு நிற்கும் அடுத்தாள், அப்புறம் கடையை நடத்தும் மேலாள். மூன்று வருஷக் கணக்கு முடிந்தால் ஊருக்கு வரலாம். அடுத்த படி எது என்று யாரும் முழித்துக்கொண்டு நிற்கவில்லை.

அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. அந்தப் படிகள் ஒரு சமூகத்து ஆண்களுக்கு மட்டுமே இருந்தன. பெண்களுக்குக் கல்யாணம் ஒன்றுதான் படி. ஆனால் இன்றைய பிள்ளைகளிடம் எதை வேண்டுமானாலும் செய் என்கிறோம், ஒரு படியும் கட்டிக் கொடுப்பதில்லை. 18 முதல் 25 வரையிலான வயதைத் தனிப் பருவமாகவே பார்க்க வேண்டும் என்று உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000-இல் எழுதினார். சிறுவனும் இல்லை, முழு ஆளும் இல்லை என்ற உணர்வு அதன் அடையாளங்களில் ஒன்று. ஆனால் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய பிள்ளைக்கு ஏழு வருஷத் தேடலுக்கு யார் அவகாசம் கொடுப்பார்கள்?

ஜூன் 21, சனி

மூன்று பேர் வந்தார்கள். மூவரும் டி.என்.பி.எஸ்.சி. களைப்பு. எழுத ஒன்றும் இல்லை.

நடுராத்திரி யார் யாரோ மெசேஜ் அனுப்புகிறார்கள். அந்த நேரத்தில் நான் எடுப்பதில்லை. அவர்களுக்கு 14416 இருக்கிறது: அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ், இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

ஜூன் 28, சனி

எம்.எஸ்.சி. முடித்த பெண், சென்னையில் ஒரு ஆய்வகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. வீட்டில் முதலில் கல்யாணம் என்கிறார்கள். அவள் எல்லாவற்றுக்கும் "சரிம்மா" சொல்லிவிட்டு ராத்திரி அழுகிறாள். கல்யாணமே வேண்டாமா, இப்போது வேண்டாமா என்பதைப் பிரிக்கவே இரண்டு சந்திப்பு ஆனது. இப்போது வேண்டாம், அவ்வளவுதான். அதைச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். நான் அம்மாவாக உட்கார்ந்தேன். முதல் தடவை முழுக்க மன்னிப்பாகவே வந்தது. குறைத்துக் குறைத்து மூன்று வாக்கியத்துக்குக் கொண்டுவந்தோம்.

இன்று குடும்பத்தோடு வந்தாள். மூன்று வாக்கியத்தையும் சொன்னாள். அம்மா, "ஊர்ல கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார். கூட வந்த அப்பத்தாதான் குறுக்கே பேசினார்.

"எனக்குப் பத்தொம்போது வயசுல தனிக் குடித்தனமா வேறு வச்சாக. அரிசி பருப்பு, வருஷத்துக்கு இவ்வளவு பணம்னு குடுத்து, ஒன் அடுப்ப நீ பாத்துக்கன்னு சொல்லிட்டாக. மாமியா அடுத்த அறையிலதான் இருந்தாக. ஒரு நாளும் எம்பானையத் தொறந்து பாக்கல."

இதற்கு மேல் நான் என்ன சொல்ல? பேச்சைத் தொகைக்கும் தேதிக்கும் திருப்பினேன். ஆறு மாத விடுதி வாடகையை வீடு மொத்தமாகக் கொடுக்கும். அதற்குள் எப்படிச் செலவு செய்தாள் என்று கேட்கக் கூடாது. ஞாயிறு ராத்திரி ஒரு போன். தை வரை ஜாதகம் எடுப்பதில்லை. தைக்குப் பிறகு அவள் கல்யாணப் பேச்சைத் தட்டிக்கழிக்கக் கூடாது என்ற நிபந்தனை அம்மாவுடையது, அதுவும் நியாயம்தான். அவளை அனுப்புங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அது என் முடிவாகிவிடும், ஏதாவது பிசகினால் பழியும் என்னிடம் வந்துவிடும், அவளுக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஜூலை 5, சனி

அந்தப் பெண் திங்கட்கிழமை பல்லவன் ரயிலில் சென்னைக்குப் போகிறாள்.

பையன் விஷயம் மெதுவாகத்தான் நகர்கிறது. "மனசு வந்தா செய்வேன்" என்பான். மனச்சோர்வில் அது தலைகீழ்: முதலில் கொஞ்சம் செய்தால்தான் மனசு பின்னால் வரும். அதனால் எழும் நேரத்தை மட்டும் முதலில் பிடித்தோம், காலை ஏழரை. அப்புறம் அம்மான் கடையில் இரண்டு வாரம் கணக்குப் பார்ப்பது. இதுதான் தொழில் என்று யாரும் சொல்லக் கூடாது என அப்பாவிடமும் பேசி வைத்திருந்தேன். தினமும் எந்த வேலையில் நேரம் போனது தெரியவில்லை, எதில் கடிகாரத்தைப் பார்த்தான் என்று இரண்டு வரி எழுத வேண்டும்.

இன்று அந்த நோட்டைக் கொண்டுவந்தான். கடை அவனுக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் கடையின் பழைய பில்லிங் மென்பொருளில் இருப்புக் கணக்கு ஏன் தப்பாக வருகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறான். அந்த இரண்டு நாளும் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியிருக்கிறான். அந்த ஒன்பது கேள்வித் தாளை மறுபடி நிரப்பச் சொன்னேன். மதிப்பெண் இறங்கியிருக்கிறது, தூக்கம் மட்டும் இன்னும் சரியில்லை.

அப்பா வெளியே காத்திருந்தார். "கடை வேணாங்கிறான், அப்ப இந்த ரெண்டு வாரமும் வீணா?" என்றார். பதிலை மகனிடமே கேளுங்கள் என்றேன். கேட்டார். காரில் ஏறும்வரை பையன் மென்பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டே போனான். அடுத்த சந்திப்பை மூன்று வாரம் தள்ளிப் போட்டிருக்கிறோம்.