எருக்குவியலிலிருந்து நாற்றின் வேர் வரை: டிரைக்கோடெர்மா நாட்குறிப்பு

ஜூன் 2
தக்காளி நாற்றங்காலுக்கான குவியல் இன்று போட்டாயிற்று. நூறு கிலோ தொழு உரத்துக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மா தூள்; வேர் நோய்ப் பூஞ்சைகளை எதிர்க்கும் நன்மைப் பூஞ்சை இது. எரு நன்றாக மட்கியிருக்க வேண்டும்; பச்சைச் சாணம் கலந்தால் குவியல் சூடேறி, போட்ட பூஞ்சை வளராமல் போகும். அதற்கு 25 முதல் 30 டிகிரிதான் இதம். முழங்கை வரை கையை உள்ளே விட்டால் சூடு தெரியக் கூடாது. ஈரத்துக்கும் கைதான் அளவு: ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வழியக் கூடாது. நிழலில் ஒன்றரை அடி உயரத்துக்கு மேல் போகாமல் குவித்து, மேலே நனைத்த சாக்கு. பிளாஸ்டிக் தாள் வேண்டாம், காற்று நின்றுவிடும்.

தூள் பொட்டலத்தில் முதலில் பார்க்க வேண்டியது தயாரிப்புத் தேதி. உள்ளே இருப்பது உயிர். வெயிலில் கிடந்த பழைய பொட்டலத்தில் மிஞ்சுவது பூஞ்சையைக் கலந்து வைக்கும் டால்க் மாவு மட்டுமே.

ஜூன் 6
முதல் புரட்டல். உள்ளே எருக்கட்டிகளைச் சுற்றி வெள்ளை நூல் ஓடியிருக்கிறது. ஓரம் காய்ந்திருந்ததால் தண்ணீர் தெளித்தாயிற்று.

ஜூன் 11
வெள்ளை, பச்சையாக மாறி வித்து கட்டியிருக்கிறது. முகர்ந்தால் லேசாகத் தேங்காய் வாசனை. விரிடி போன்ற சில இனங்களுக்கு இது உண்டு. பச்சையாகத் தெரிவதெல்லாம் டிரைக்கோடெர்மா அல்ல, பெனிசிலியம், ஆஸ்பர்ஜில்லஸ் என்ற வேறு பூசணங்களும்கூடப் பச்சைதான். ஒரு மூலையில் மட்டும் புளித்த நாற்றம். அங்கே தண்ணீர் தேங்கிக் காற்று போகவில்லை. அந்தப் பகுதியைப் பரப்பி ஆறவிட்டு, காய்ந்த எரு சேர்த்துத் திரும்பக் குவித்தாயிற்று.

ஜூன் 17
விதைப்பு. ஊட்டமேறிய எரு, மேட்டுப்பாத்தியில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ கலந்தாயிற்று. விதை நேர்த்திக்குக் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா தூள். விதையை லேசாக ஈரப்படுத்திப் புரட்டினால்தான் தூள் ஒட்டும். நிழலில் உலர்த்தி அன்றே விதைக்க வேண்டும். சாயம் பூசிய விதையில் பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லி ஏற்கெனவே இருக்கும். அது கார்பன்டசிமோ திரமோ என்றால் மேலே தூவும் பூஞ்சையும் பாதிக்கப்படலாம். அப்படிப்பட்ட விதைக்கு நேர்த்தி செய்யாமல் பாத்தி எருவோடு நிறுத்திக்கொள்வதே மேல்.

ஜூன் 27
பாத்தியின் தாழ்ந்த ஓரத்தில் ஒரு திட்டு நாற்று சாய்ந்திருக்கிறது. தண்டு மண்மட்டத்தில் நீர் கோத்து, நூலாகச் சுருங்கி மடிந்திருக்கிறது, நாற்றழுகல். காரணமான பித்தியம் என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரின் வித்துகள் நீரில் நீந்திப் பரவுபவை, அதனால் தண்ணீர் தேங்கிய இடத்தில் தொடங்கியதில் வியப்பில்லை. விதைப்பும் அங்கே நெருக்கம். சாய்ந்த நாற்றை எந்தப் பூஞ்சையும் நிமிர்த்தாது. டிரைக்கோடெர்மா நோய்க்கு முன்பே வேரைச் சுற்றி இடம்பிடித்துக் காக்கும். வந்த பிறகு குணப்படுத்தும் மருந்தல்ல. திட்டை மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்தி, வடிகால் வெட்டி, சுற்றியுள்ள நாற்றுகளுக்கு லிட்டருக்கு 10 கிராம் டிரைக்கோடெர்மா தூள் கரைத்த கரைசல் ஊற்றியாயிற்று.

ஜூன் 30
வயலுக்கான இரண்டாம் குவியல், அதே அளவில். காளான் வளர்க்கும் கொட்டகை அருகில் இருந்தால் இந்த வேலையை அங்கே செய்யவே கூடாது, மண்வெட்டியைக்கூடப் பகிரக் கூடாது. காளான் படுக்கையை நாசமாக்கும் பச்சைப் பூசணம் இதே டிரைக்கோடெர்மா பேரினம்தான். வேரழுகலை உண்டாக்கும் ரைசோக்டோனியா பூஞ்சையின் இழையைச் சுற்றிக்கொண்டு, சுவரைக் கரைத்து, உள்ளிருப்பதைத் தின்னும் இதன் குணத்தை 1932-இலேயே வெய்ண்ட்லிங் என்ற ஆய்வாளர் பதிவு செய்தார். பயிருக்குக் காவலாக இருக்கும் அதே குணம் காளானுக்கு எமன்.

ஜூலை 16
மாலையில் நடவு. நாற்றின் வேரை அதே லிட்டருக்கு 10 கிராம் கரைசலில் அரைமணி நேரம் நனைத்து, ஈரமான மண்ணில் நட்டாயிற்று. ஏக்கருக்கு நூறு கிலோ ஊட்டமேறிய எரு. வயல் முழுக்கத் தூவினால் வீண், நடும் குழியில் வேருக்குப் பக்கத்தில் விழ வேண்டும். இனி இரண்டு வாரத்துக்கு வேரில் பூஞ்சைக்கொல்லி எதுவும் ஊற்றுவதாக இல்லை.

ஆகஸ்ட் 8
மூன்று செடி இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே தொங்கிவிட்டது. அடித்தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளரில், தெளிந்த தண்ணீரில் நுனி மட்டும் படுமாறு பிடித்தால், சில நிமிடத்தில் பால் போன்ற இழை கீழிறங்கியது. ஃபுசேரியம் என்ற பூஞ்சையால் வரும் வாடலில் தண்டின் உள்ளே பழுப்புக் கோடு இருக்கும், இந்தப் பால் இழை வராது. இது பாக்டீரியா வாடல். டிரைக்கோடெர்மாவை நம்பி ஊற்றிக்கொண்டிருக்க இடமில்லை. மூன்றையும் வேரோடு பிடுங்கி எரித்தாயிற்று, எருக்குழிக்குப் போகவில்லை. அந்தப் பாத்தி வழியாக அடுத்த பாத்திக்குப் போகும் வாய்க்காலையும் அடைத்தாயிற்று.