தரவையில் சைக்கிள்: படலை இல்லாத இடத்தில் எப்படி ஓடுவது

யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. மவுண்டன் சைக்கிள் வாங்கினவர்களுக்குக் கிடைத்தது வல்லை வெளியும், கல்லுண்டாயும், அராலிக் கரையும், மணற்காட்டு மணல்மேடுகளும்தான். அங்கே படலை இல்லை, ரிக்கற் இல்லை, தடுக்கிறதுக்கு ஆளும் இல்லை. அதைப் பார்த்து ஒருவருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று முடிவு கட்டுகிறோம். விடிய மாடு கொண்டுவந்து கட்டுகிறவர், விறகு பொறுக்குகிறவர், இறாலுக்குப் போகிறவர் என்று அந்த வெளிக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நாங்கள் ஓடும் தடம் அவர்கள் நடந்து விழுந்த தடம்.

லண்டனில் இருக்கும் உறவுக்காரர், அங்கே எங்கெல்லாம் போகலாம் என்பது சட்டத்தில் எழுதியிருக்கு என்பார்கள். உண்மைதான், ஆனால் எழுதியிருப்பது அவர்கள் நினைக்கிறது இல்லை. இங்கிலாந்தின் திறந்த மேட்டுவெளிகளில் 2000 ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை கால்நடையாகப் போகிறவருக்கு மட்டும். சைக்கிளுக்கு 1968 ஆம் ஆண்டுச் சட்டம் குதிரைப் பாதைகளைத் திறந்துவிட்டது. அதிலும் நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் வழிவிட வேண்டும் என்று சேர்த்தே எழுதினார்கள். ஸ்கொட்லாந்தில்தான் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு, பொறுப்பாக ஓடினால், வெளியெங்கும் சைக்கிள் போகலாம் என்று வந்தது. எங்கள் பக்கத்தில் காணி உறுதியில் எழுதியிருக்கும் வழி வாய்க்கால் உரிமை அந்தக் காணிக்காரருக்கு உரியது, சும்மா வருகிறவருக்கு இல்லை. ஆகவே கேட்டுப் போவதுதான் வழி. இறங்கி நின்று, "அண்ணை, இதால போகலாமோ?" என்றால் போதும். அநேகமாக "ஓம்" என்றுதான் சொல்வார்கள். எங்கே சேறு, எந்த வளவில் நாய் என்பதும் கூடவே வரும்.

எப்போது ஓடுவது என்பது எங்கே ஓடுவது என்பதைவிட முக்கியம். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை, திறந்த மேய்ச்சல் வெளியான தரவையில் தண்ணீர் நிற்கும், அப்போது ஒருவரும் போகமாட்டார்கள். சேதம் நடப்பது தை, மாசியில். மேலே வெள்ளையாக உப்புப் பூத்துக் காய்ந்தது போல இருக்கும், இரண்டு அங்குலத்துக்குக் கீழே களி. குதிக்காலை ஊன்றிப் பாருங்கள். குதி புதைந்து ஈரம் கசிந்தால் அன்றைக்குத் திரும்புங்கள். அந்த மேற்தோடு உடைந்தால் ரயர் தடம் அடுத்த மாரி வரை அப்படியே கிடக்கும். மாரி வந்ததும் தண்ணீர் அந்தத் தடத்தைப் பிடித்து ஓடி அதை வாய்க்காலாக்கும். அடுத்த கோடையில் அதைப் பாதை என்று நம்பி உழவு இயந்திரம் ஏறும். ஆகவே எத்தனை பேர் போனாலும் ஒருவர் பின்னால் ஒருவராக, ஏற்கெனவே இருக்கும் தடத்திலேயே போக வேண்டும். நடுவில் குட்டை வந்தால் சுற்றிப் போகாமல் இறங்கித் தூக்கிக்கொண்டு கடவுங்கள். ஒவ்வொருவரும் ஒரு முழம் விலகிப் போய்த்தான் ஒற்றையடிப் பாதை தெருவாகிறது. வயல் வரம்பில் ஓடவே கூடாது. உடைந்த வரம்பைக் கட்டுகிறவருக்கு ஒரு நாள் வேலை.

பங்குனியிலிருந்து ஆடி வரை வேறு ஒரு கவனம். ஆட்காட்டியும் உப்புக்கொத்தியும் வெறும் தரையில் சிறு குழி பறித்து முட்டையிடும். முட்டை மண் நிறத்தில் இருப்பதால் சைக்கிளில் இருந்து பார்த்தால் தெரியாது. 2023 இல் தனி இனமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அனுமன் உப்புக்கொத்தி தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. அதுவும் இப்படித்தான் திறந்த தரையில் அடை கிடக்கிறது. ஆட்காட்டி தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றினாலோ, சிறு குருவி ஒன்று செட்டை முறிந்தது போல இழுத்துக்கொண்டு ஓடினாலோ, முட்டையோ குஞ்சோ பக்கத்தில் இருக்கிறது. நின்று படம் எடுக்காமல் வந்த தடத்திலேயே விலகுங்கள். தாய் எழும்பி நிற்கும் நேரமெல்லாம் முட்டை வெயிலில் வேகும்.

விழுவது பெரும்பாலும் கயிற்றில். தரவையில் மாட்டைக் கட்டையடித்து நீளக் கயிற்றில் விடுவார்கள். மாடு ஒரு பக்கம், கட்டை மறுபக்கம், கயிறு புல்லுக்குள்ளே தடத்துக்குக் குறுக்கே கிடக்கும். மாடு வெருண்டு இழுத்தால் அது முழங்கால் உயரத்துக்கு எழும்பும். மாட்டைக் கண்டதும் முதலில் கட்டையைத் தேடுங்கள். பின்பக்கமாக, மெதுவாக, மணியடிக்காமல் சுற்றிப் போங்கள். வடமராட்சி கிழக்குக் கடற்கரையிலும் இதே கதைதான், அங்கே அது கரைவலைக் கயிறு. கடலில் இருந்து கரையில் இழுக்கும் இடம் வரை இறுகி நிற்கும். வலை ஏறி முடியும் வரை நில்லுங்கள், அவசரமென்றால் இழுக்கும் இடத்துக்குப் பின்னால் சுற்றிப் போங்கள். காயப்போட்ட வலைக்கு மேலே ரயர் ஏற்றினால் வாங்கும் பேச்சு நியாயமானது.

இனி ரயர். 2.2 அங்குல ரயருக்குத் தார் வீதியில் 35 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் சரி, தரவைக்கு 25. மணற்காட்டுப் பொருமல் மணலில் 18 வரை இறக்கினால்தான் புதையாமல் மிதக்கும். ரியூப் உள்ள சில்லென்றால் அதற்குக் கீழே போக வேண்டாம்: முருகைக்கல்லில் அடிபட்டால் ரியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசிந்து, பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை விழும். திரும்பி வீதி ஏறும்போது காற்றடிக்கப் பம்ப் கையில் இருக்க வேண்டும். நெருஞ்சி முள்ளுக்கு ஒட்டு போதும், ஈச்சமுள்ளுக்கும் ஒட்டு போதும். பனங்காணிக்குள் விழுந்து கிடக்கும் கருக்குமட்டை ரயரின் பக்கச் சுவரையே வாள் போலக் கிழிக்கும். அதற்கு ஒட்டு நிற்காது. பழைய ரயரில் வெட்டிய நாலு அங்குலத் துண்டு ஒன்று பையில் கிடந்தால் உள்ளே வைத்து வீடு வரலாம்.

மணல்மேட்டில் அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்த இடத்தில் ஏறாதீர்கள். அந்தக் கொடிதான் மேட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு தடம் வெட்டினால் சோளகக் காற்று மிச்சத்தை அள்ளிக்கொண்டு போகும்.

நாகர்கோவில், கிளாலி, முகமாலைப் பக்கம் ஓடுகிறவர்களிடம் விட்டுக்கொடுப்பில்லாமல் சொல்ல வேண்டியது: பாவனையில் இருக்கும் வீதியை விட்டு ஒரு சில்லும் இறங்கக் கூடாது. போர்க்காலத்தில் முன்னரங்கம் இருந்து கண்ணிவெடி புதைத்த நிலம் அது. சிவப்புப் பலகையில் மண்டையோடு இருந்தால் பேச்சே இல்லை. பலகை இல்லையென்றால் வெடிபொருளும் இல்லை என்று அர்த்தம் எடுக்காதீர்கள், வெள்ளமும் மணலும் அவற்றை நகர்த்தும். தடம் மாறிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் சைக்கிளைத் திருப்ப வேண்டாம். நின்ற இடத்தில் நின்று உதவி கேளுங்கள். 119 பொலிஸ் இலக்கம்.

சுண்டிக்குளமும் நெடுந்தீவின் ஒரு பகுதியும் 2015 முதல் தேசியப் பூங்கா. எல்லைக்குள்ளே அனுமதி இல்லாமல் சைக்கிளை விடாதீர்கள். நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானில் படகில் சைக்கிளை ஏற்றலாம், முதலே கேட்டு வையுங்கள். கோடையில் அங்குள்ள காட்டுக் குதிரைகள் தண்ணீர்க் குட்டையைச் சுற்றித்தான் நிற்கும். குதிரைக்கும் தண்ணீருக்கும் நடுவில் போய் நிற்காதீர்கள். சாந்து பூசாத முருகைக்கல் வேலியில் சைக்கிளைச் சாத்தினால் ஒரு கல் சரியும், அதால் ஆடு உள்ளே போகும்.

கோடையில் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு ஒன்பதுக்குள் முடிக்கப் பாருங்கள். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் வேண்டும். வல்லை வெளியில் ஒதுங்க ஒரு மர நிழலும் கிடைக்காது. போகும்போது சோளகத்தை எதிர்த்துப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அது தள்ளிவிடும்.

வீட்டுக்கு வந்ததும், உப்புக் காய முதல், நல்ல தண்ணீரால் கழுவுங்கள். சவர்க் கிணற்றுத் தண்ணீர் உப்புக்கு மேல் உப்பு. வாளியும் துணியும் போதும். குழாயை அச்சுக்கு நேரே பீய்ச்சினால் பெயரிங்குக்குள் தண்ணீர் ஏறி கிறீசைக் கழுவிவிடும். செயினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, வெயிலில் காயவிட்டு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, மேலே மினுங்குகிறதைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். ஒட்டின மணலோடு சேர்ந்து அது செயினையும் பற்சில்லையும் அரைக்கும்.