ஐந்து பாக நாவலும் ஐந்தரை மணி நேரத் திரையும்

1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரந்தோறும் வெளிவந்த, எழுத்தாளர் கல்கியின் சோழர் கால நாவலான 'பொன்னியின் செல்வன்' திரைக்கு வர 2022 வரை காத்திருக்க நேர்ந்ததற்குப் பணம் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. பின்னாளில் இயக்குநராகப் புகழ்பெற்ற மகேந்திரனைத் திரைக்கதை எழுத அமர்த்திய எம்.ஜி.ஆராலும் அதைப் படமாக்கும் கனவை நிறைவேற்ற இயலவில்லை.

சிக்கல் கதை சொல்லும் முறையிலேயே இருக்கிறது. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையை மெல்லச் செலுத்திவரும் இளம் வீரன் வந்தியத்தேவன், எழுபத்துநான்கு கணவாய்களில் நீர் பாய்வதையும், கரையில் மக்கள் கூட்டாஞ்சோறு உண்டு களிப்பதையும் வேடிக்கை பார்த்துக்கொண்டே செல்ல, நாவல் எந்த அவசரமும் இன்றித் தொடங்குகிறது. மணிரத்னத்தின் படமோ சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் போர்க்களத்தில் தொடங்குகிறது. அந்த முடிவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வாரம் வரை காத்திருக்கும் வாசகருக்காக எழுதப்பட்ட நிதானத்தை, இருட்டரங்கில் அமர்ந்திருப்பவரிடம் எதிர்பார்க்க முடியாது.

ஆனால் கடம்பூர்ச் சிற்றரசர் சம்புவரையரின் மகள் மணிமேகலையைப் படத்தில் முற்றிலும் விட்டுவிட்டதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை. அரியணைக்கான சூழ்ச்சிகளுக்கு நடுவே எதையும் எதிர்பாராமல் வந்தியத்தேவனை நேசித்து, இறுதியில் அவன் மடியிலேயே உயிர்விடும் அந்தப் பெண்ணோடுதான் கல்கி ஐந்தாம் பாகத்தின் துயரத்தை முடிக்கிறார். அவள் இல்லாத கடம்பூர் மாளிகையில் சதி இருக்கிறது, கொலை இருக்கிறது, பழுவூர் இளையராணி நந்தினியின் கண்ணீரும் இருக்கிறது. கள்ளமற்ற அன்பு மட்டும் இல்லை.