62,000 ரூபாய்க்கு ஒரு குட்டி யானை

வண்டியை ஓட்டிக்கொண்டு வரவில்லை, கயிறு கட்டி இழுத்துத்தான் வந்தோம். அப்பா வாசலில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "ஏன்டா, இரும்புக்கடைக்காரன் எவ்வளவு கொடுப்பான்னு கேட்டுட்டு வாங்குனயா?" என்றார், பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டார். கேட்கவில்லைதான்.

2019 சித்திரையில் நடந்தது இது. 2008 மாடல் டாடா ஏஸ், சின்ன சரக்கு வண்டி. எங்கள் பக்கம் அதை ஏஸ் என்று சொன்னால் யாருக்கும் சட்டென்று புரியாது, குட்டி யானை என்றால்தான் தெரியும். பல்லடம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் இரண்டு வருஷமாகப் புங்க மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. விலை 62,000. பேரம் பேசி மூவாயிரம் குறைத்த பெருமையில் அடுத்த வேளைச் சாப்பாடே இறங்கவில்லை எனக்கு.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். அதற்கு முன்னால் என் கைபட்ட பெரிய ரிப்பேர் என்றால் பைக்கில் ஸ்பார்க் ப்ளக் மாற்றியதுதான். தோட்டத்துத் தேங்காய்க்கும் எருவுக்கும் ஒவ்வொரு தடவையும் வாடகை வண்டி பிடித்து அலுத்துப் போயிருந்தது, அது ஒரு சாக்கு. உண்மையில் ஒரு எஞ்சினை நானே பிரித்து மாட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

அந்த ஆசைக்கு இதைவிட நல்ல வண்டி அமையாது என்று இன்றைக்கும் சொல்வேன். 2005-ல் முதன்முதலாகச் சந்தைக்கு வந்த ரகம் இது. 702 சிசி, இரண்டே சிலிண்டர், 16 குதிரைத் திறன். இண்டிகா காரின் 1405 சிசி டீசல் எஞ்சினைப் பாதியாக வெட்டினால் என்ன கிடைக்குமோ அதுதான் இது. சீட்டைத் தூக்கினால் எஞ்சின் கண்முன்னே. கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்க வேண்டிய சமாச்சாரம் எதுவும் என் வண்டியில் கிடையாது. டீசல் வர வேண்டும், காற்று வர வேண்டும், உள்ளே அமுக்கம் இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் ஓடியே ஆக வேண்டும்.

என் வண்டியில் மூன்றாவதுதான் இல்லை. ஆயில் கேஜைக் கழற்றிப் பார்த்தால் முனையில் ஆயிலுக்குப் பதிலாகப் பால் ஊற்றிய டீ மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஊரில் இருக்கும் மெக்கானிக் அண்ணன் அதை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கட் போயிருச்சு தம்பி, தண்ணி ஆயில்ல கலந்திருக்குது" என்றார். ஹெட் என்பது எஞ்சினின் மேல் மூடி, கேஸ்கட் அதற்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே வைக்கிற தகடு. "நான் வேலை செய்யறேனா, இல்ல நீங்க செய்யறீங்களா?" என்றும் கேட்டார். நானே செய்கிறேன், நீங்கள் பக்கத்தில் இருந்து சொன்னால் போதும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும், டீக்காசும் அவர் கேட்கும் கூலியும் என்று முடிவானது.

ஹெட்டைக் கழற்ற எனக்கு இரண்டு ஞாயிறு ஆனது. அவருக்கு இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். கேஸ்கட்டில் இரண்டு சிலிண்டருக்கும் நடுவே கருகி, எலி கடித்த மாதிரி ஒரு இடைவெளி. ஹெட்டை லேத்துக்குக் கொண்டுபோய் அடிப்பக்கத்தை மட்டமாக ஃபேஸ் அடித்து, வால்வைத் தேய்த்துச் சரியாக உட்கார வைத்து, டீசலைப் பீய்ச்சுகிற நாசில் இரண்டையும் பம்ப் கடையில் கொடுத்துச் சரிபார்த்து, புது கேஸ்கட் போட்டு மேலே உட்கார வைத்தோம். போல்ட்டை நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாறி மாறி, மூன்று சுற்றாக முறுக்க வேண்டும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் உப்பிக்கொண்டு மறுபடியும் அங்கேயே போகும். ஓசி வாங்கிய, இறுக்கத்தை அளந்து சொல்கிற டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்று சொல்லும்போது வந்த சந்தோஷம் இருக்கிறதே, பனியன் கம்பெனியில் பத்து வருஷத்தில் எனக்கு வந்ததில்லை.

அப்புறம் ஏர் எடுப்பது. டீசல் வண்டியில் லைனைக் கழற்றி மாட்டினால் உள்ளே காற்று புகுந்துகொள்ளும், காற்று இருக்கிறவரை நாசில் பீய்ச்சாது, எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் பேட்டரிதான் சாகும். ஃபில்டர் மேலிருக்கிற ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு ஹேண்ட் பம்பை அமுக்க வேண்டும். முதலில் நுரை வரும். அதற்கப்புறம் நுரையும் டீசலுமாகக் குமிழி விட்டு வரும். கட்டைவிரல் மரத்துப் போகும்வரை அமுக்கினால் ஒரு கட்டத்தில் சத்தமில்லாமல், கண்ணாடி மாதிரி டீசல் மட்டும் வழியும். அப்போது ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு, நாசில் பக்கத்துப் பைப் நட்டையும் தளர்த்தி அதே கதை. நட்டை இறுக்கிவிட்டு, ஹீட்டர் விளக்கு அணைகிறவரை பொறுத்து செல்ஃப் அடித்தேன். ரெண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை தெருவே புகையாகி, பிடித்துக்கொண்டது. இரண்டு சிலிண்டர் வண்டி ஐடிலில் துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், மொத்தக் கேபினும் சாமி வந்த மாதிரி ஆடும். அப்பா திண்ணையை விட்டு எழுந்து வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் வந்தார்.

இதோடு கதை முடிந்தது என்று நினைத்து அவினாசிபாளையம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். பாதி வழியில் டெம்பரேச்சர் முள் ஏறத் தொடங்கியது. ஓரமாக நிறுத்தி அண்ணனுக்குப் போன் போட்டால், "மூடியத் திறந்துராதீங்க சாமி, வெந்துருவீங்க" என்பதுதான் முதல் வார்த்தை. மறுநாள் ரேடியேட்டரைக் கழற்றித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். பாதிக் குழாய்களில் சொட்டுகூட இறங்கவில்லை. பழைய ஓனர் கூலன்ட் என்ற ஒன்றையே வாங்கியதில்லை போல, வருஷக்கணக்காக போர்த் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார். எங்கள் ஊர் போர்த் தண்ணீர் எப்படி என்று பாத்திரத்தில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். அதே உப்புதான் ரேடியேட்டருக்குள்ளும் காரையாகப் படிந்து அடைத்திருக்கிறது. அதனால் சூடேறி, அதனால்தான் கேஸ்கட் போயிருக்கிறது. நான் கேஸ்கட்டை மட்டும் மாற்றிவிட்டு அது ஏன் போனது என்று கேட்கவே இல்லை. கோயம்புத்தூர் உக்கடம் பழைய சாமான் கடைகளில் அரைநாள் அலைந்து ஒரு ரேடியேட்டர் பிடித்தேன், 2,800 ரூபாய். எஞ்சினுக்குள் இருந்த அழுக்கை மூன்று தடவை அலசி எடுத்தபிறகு கூலன்ட் ஊற்றினேன். நல்லவேளை, புது கேஸ்கட் தப்பித்துவிட்டது.

எஞ்சின் இவ்வளவுதான். எனக்கு உண்மையில் கண்ணீர் வரவழைத்தது தகடு. இந்த வண்டி அதன் வாழ்நாளில் பாதியைக் கோழி எரு ஏற்றியே கழித்திருக்கிறது. எரு ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பைத் தின்றுவிடும். பின்னால் ப்ளைவுட் பலகை போட்டு அழகாக மூடியிருந்தார்கள். பலகையைத் தூக்கி ஸ்க்ரூ டிரைவரால் லேசாகக் குத்தினேன், அப்பளம் மாதிரி உள்ளே போய்விட்டது. கேபினில் ரப்பர் மேட்டைத் தூக்கினால் கிளட்ச் பெடலுக்குக் கீழே தார் ரோடு தெரிந்தது. வாங்கும்போது மேட்டைத் தூக்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றேன், அதுவும் ஓடாத எஞ்சினை.

வண்டியின் அடிச்சட்டமான சேசிஸை மட்டும் அண்ணன் முதல் நாளே சுத்தியலால் தட்டிப் பார்த்திருந்தார். நல்ல இரும்பு 'டங்' என்று சொல்லும், உள்ளே அரித்திருந்தால் 'டொக்' என்று அடைத்துக்கொள்ளும். முன்னாலிருந்து பின்னால் வரை இரண்டு பக்கமும் தட்டி, 'டங்' கேட்டபிறகுதான் ஸ்பேனரையே எடுத்தார். அங்கே 'டொக்' என்று கேட்டிருந்தால் அப்பா சொன்ன கடைக்குத்தான் போயிருக்கும். மற்றதற்கெல்லாம் டிங்கர் வேலை: அரித்ததை வெட்டி எடுத்து, 16 கேஜ் தகடு வைத்து வெல்டிங், ரெட் ஆக்சைடு, பட்டி, பெயிண்ட். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலையை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன், விரல் ரேகை போய் ஒரு வாரம் ஆபீஸ் பயோமெட்ரிக் என்னை ஏற்றுக்கொள்ளவில்லை.

பேப்பர் கதை தனி. ஆர்சி புக்கில் பழைய ஃபைனான்ஸ் பெயர் அப்படியே இருந்தது. கடன் எப்போதோ கட்டி முடித்தாயிற்று, கடன் பாக்கி இல்லை என்கிற என்ஓசி வாங்கி ஹெச்பி, அதாவது ஆர்சியில் இருக்கிற கடன் பதிவைக் கேன்சல் செய்யத்தான் யாருக்கும் தோன்றவில்லை. கேன்சல் ஆகாமல் பெயர் மாறாது. அந்த ஒரு காகிதத்துக்காக நாலு தடவை லீவு போட்டேன், ஒவ்வொரு தடவையும் சார் வெளியே போயிருந்தார். வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் வண்டி நம்பரை அரசின் பரிவாகன் இணையதளத்தில் போட்டு எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்று), இன்சூரன்ஸ், வரி, ஹெச்பி நாலையும் பார்த்துவிடுங்கள், போனிலேயே இரண்டு நிமிஷ வேலை. மஞ்சள் போர்டு (வாடகை, சரக்கு) வண்டி 8 வருஷம் தாண்டிவிட்டால் வருஷா வருஷம் எஃப்சி காட்ட வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இதை ஓட்ட லைசென்ஸில் பேட்ஜ், அதாவது வாடகை, சரக்கு வண்டி ஓட்டுவதற்கான தனி அனுமதி வேண்டுமோ என்று பயந்தேன், வேண்டியிருக்கவில்லை. 2017-லேயே உச்ச நீதிமன்றம் 7,500 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டிக்குக் கார் லைசென்ஸே போதும் என்று சொல்லிவிட்டது.

மொத்தம் 1,47,000 ரூபாய், ஏழு மாதம். அதே பணத்துக்கு ஓடுகிற வண்டியாகவே வாங்கியிருக்கலாம் என்று மச்சான் தீபாவளிக்கு வந்தபோது கணக்குப் போட்டுச் சொன்னார். கணக்கு சரிதான், நானே கணக்கன், எனக்குத் தெரியாதா.

கார்த்திகையில் முதல் லோடு, 600 தேங்காய். ஏற்றி முடித்ததும் அப்பா கேட்காமலேயே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். பொங்கலூர் தாண்டியதும் மழை பிடித்தது. வைப்பர் அவர் பக்கம் மட்டும் வேலை செய்தது, என் பக்கம் அப்படியே நின்றது. வழி நெடுக "லெஃப்ட்ல ஒடி, முன்னால பஸ்ஸு" என்று அவர்தான் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த வைப்பரை இன்னும் சரி செய்யவில்லை.