பூனைக்காலியும் நாய்க்குரணயும்

ஜனவரி 11, 2025, சனி. குமுளி

லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது எதிரே ஜீப்புகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஏலக்காட்டு வேலை முடிந்து கம்பத்துக்கும் கூடலூருக்கும் திரும்பும் பெண்கள். அத்தையும் ஒரு காலத்தில் அப்படிப் போய்வந்தவள்தான். பிறகு குமுளியிலேயே வீடு பிடித்துத் தங்கிவிட்டாள். இப்போது செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ்.

ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு சரசரப்பு. எலி என்றுதான் நினைத்தேன் (ஆய்வகத்தில் எலிகளை வைத்து நமைச்சலை ஆராய்கிறவள், என் பிழைப்பு அப்படி). அத்தை கட்டிலில் உட்கார்ந்து சீப்பால் தோளைச் சொறிந்துகொண்டிருந்தாள். விளக்கைப் போட்டேன். தோளிலும் இடுப்பிலும் கோடு கோடாய்க் காய்ந்த ரத்தம். கை எட்டாத நடு முதுகில் மட்டும் ஒரு கீறல் இல்லை. தோல் வியாதி இப்படி இடம் பார்த்து வராது. அத்தனையும் நகமும் சீப்பும் செய்த வேலை.

ஜனவரி 12, ஞாயிறு

மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். ஆறு மாசமாக செட்ரிசின். எழுதிக் கொடுத்தவர் மேல் வந்த கோபம் மத்தியானம் வரை அடங்கவில்லை. செட்ரிசின் ஹிஸ்டமினைத் தடுக்கும்; ஒவ்வாமையில் உடம்பே சுரந்து தோலை நமைக்க வைக்கும் பொருள் அது. கொசுக்கடிக்கும் தடிப்புக்கும் சரி. சிறுநீரகம் கெட்டு வரும் நமைச்சல் பெரும்பாலும் அந்த வழியில் வருவதில்லை.

ஆனால் நாங்களே எவ்வளவு தாமதம்! நமைச்சல் என்பது வலியின் சின்ன வடிவம் என்றே பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1997இல் மார்ட்டின் ஷ்மெல்ஸ் குழு மனிதத் தோலிலேயே ஹிஸ்டமினுக்குப் பதில் சொல்லும் தனி நரம்பிழைகளைக் கண்டது. மெதுவான இழைகள், நொடிக்கு அரை மீட்டர்தான். 2009இல் செயின்ட் லூயிஸில் ஷோ-ஃபெங் சென் குழு, எலியின் தண்டுவடத்தில் ஜிஆர்பிஆர் என்ற ஏற்பி (ரசாயனச் செய்தியை வாங்கும் புரதம்) உள்ள செல்களை மட்டும் அழித்துப் பார்த்தது. எலி சொறிவதை ஏறக்குறைய விட்டுவிட்டது. வலி அப்படியே இருந்தது. அந்தக் கட்டுரையை ஆராய்ச்சி மாணவியாக விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். அன்றைக்கு இரவுச் சாப்பாடு போச்சு.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கலானாலும் டயாலிசிஸ் உண்டு. விடியற்காலையிலேயே பொங்கிவிட்டுப் போனோம்.

சாயங்காலம் வந்த பெரியப்பா, "அரிப்புக்கெல்லாமா தாயி ஆராய்ச்சி?" என்றார். நிதிக்குழுவில் ஒருவர் இதையே இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். அதன் பிறகு எந்த விண்ணப்பம் எழுதினாலும் தலைப்பில் 'வலி'யைச் சேர்த்துவிடுகிறேன். வலிக்கு மரியாதை அதிகம்.

எனக்கு இதெல்லாம் தொடங்கியது பூனைக்காலியில். ஒன்பது வயசு. ஏலக்காட்டு வேலியில் வெல்வெட் மாதிரி பழுப்புச் சுணை மூடிய காயைப் பறித்துக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டேன். தண்ணீர் ஊற்றினால் அடங்கவில்லை, அழுதால் அடங்கவில்லை. அத்தை ஈரச் சாணியைப் பூசி, காயவிட்டு உரித்தாள். சுணை அதோடு வந்துவிட்டது.

அந்தச் சுணைக்குள் மியூகுனைன் இருக்கிறது. புரதத்தை வெட்டும் நொதி. 1955இல் பெயர் வைத்தார்கள். அது நரம்பு முனையில் பிஏஆர்2, பிஏஆர்4 என்ற வேறு இரண்டு ஏற்பிகளைக் கிளப்புகிறது என்று தெரிய 2008 ஆயிற்று. ஹிஸ்டமினோடு சம்பந்தமில்லாத நமைச்சலை ஆராய உலகமெங்கும் இந்தச் சுணையைத்தான் தோலில் ஒற்றிப் பார்க்கிறார்கள். ஒரு விதத்தில் அத்தையின் செட்ரிசின் தோற்கும் என்று எனக்கு ஒன்பது வயசிலேயே காட்டிய செடி.

மலையாளத்தில் இதற்கு நாய்க்குரண. அந்தப் பக்கம் பூனை, இந்தப் பக்கம் நாய்.

ஜனவரி 16, வியாழன்

நர்ஸ் கேட்டாள்: "அம்மச்சிக்கு சொறிச்சில் உண்டோ?"

இத்தனை வருஷம் காதில் விழுந்த வார்த்தை, இன்றைக்குத்தான் உறைத்தது. நாம் அரிப்பு என்கிறோம்; கரையான் அரிக்கிற மாதிரி, மண் அரிக்கிற மாதிரி. மலையாளத்தில் கை செய்யும் வேலையே உணர்ச்சிக்குப் பெயர். 1660இல் சாமுவேல் ஹாஃபென்ரெஃபர் என்ற ஜெர்மன் வைத்தியர் கொடுத்த விளக்கமும் இதுதான்: சொறியத் தூண்டும் இதமற்ற உணர்ச்சி. இன்றும் எங்கள் வகுப்புகளில் அதையே சொல்கிறோம்.

சிறுநீரக டாக்டரிடம் பேசினேன். பொறுமையாகக் கேட்டார். செட்ரிசினை நிறுத்திவிட்டு கபாபென்டின் எழுதினார். நரம்பு வலிக்குத் தரும் மருந்துதான். இவர்களுக்கு மிகக் குறைந்த அளவில், டயாலிசிஸ் முடிந்த பிறகு. வலியும் நமைச்சலும் வேறு வேறு என்று நிரூபிக்கப் பாடுபடுகிறோம், மருந்துக்கடையில் இரண்டும் ஒரே அட்டையில்.

ஜனவரி 19, ஞாயிறு

அத்தை நேற்று நான்கு மணிநேரம் தூங்கினாள். காலையில் கொஞ்சம் தள்ளாட்டம். மாத்திரையின் வேலை, கவனிக்க வேண்டும்.

"எலிக்கு நமைச்சலா வலியான்னு எப்படித் தாயி கண்டுபிடிப்ப?"

கன்னத்தில் மருந்து ஏற்றுவோம் அத்தை. நமைச்சல் என்றால் பின்னங்காலால் சொறியும். வலி என்றால் முன்னங்காலால் துடைக்கும்.

"நம்ம மணி திண்ணையில படுத்து அதைத்தான தெனமும் செய்யுது. இதுக்கா சீமைக்குப் போயிப் படிச்ச?"

சிரித்து முடித்ததும் திரும்பி உட்கார்ந்தாள். நடு முதுகை மட்டும் கொஞ்சம் சொறிந்துவிடச் சொன்னாள். நகம் இருக்கிறதா என்று என் விரலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டாள்.

"கீழ. இன்னும் கீழ. அங்க இல்ல, எடது பக்கம்."