இல்லாத சர்வரைக் கூப்பிட்ட கணினிகள்

அந்தப் பழைய சர்வரை அணைத்து 3 ஆண்டுகள் ஆகியிருந்தன. பெட்டிகூடப் பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. ஆனால் எங்கள் தொழிற்சாலை அலுவலகத்தில் 16 கணினிகள் தினமும் காலையில் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் எனக்கே அது தெரியாது.

பாதுகாப்புத் தணிக்கைக்கு வந்த இளைஞர், கூட்ட அறைச் சுவரில் இருந்த நெட்வொர்க் இணைப்பில் தம் லேப்டாப்பைச் செருகிவிட்டுக் காபி குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது திரையில் 11 பயனர் பெயர்கள் வரிசையாக நின்றன. முதல் பெயர் என்னுடையது. அதுவும் நிர்வாகிக் கணக்கு. அந்தக் கணக்கில் அன்றாட வேலை பார்க்கக் கூடாது என்று மற்றவர்களுக்குப் பாடம் நடத்துபவன் நான்.

அவர் மாயம் எதுவும் செய்யவில்லை. விண்டோஸ் ஒரு பெயரை, பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ்ஸில் தேடிக் கிடைக்காவிட்டால் அதோடு விடுவதில்லை. எல்எல்எம்என்ஆர், நெட்பயாஸ் என்ற இரண்டு பழைய வழிகளில், அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கும்படி “இந்தப் பெயருக்கு உரியவர் யார்?” என்று குரல் கொடுக்கும். “நான்தான்” என்று எவன் சொன்னாலும் நம்பிவிடும். அவன் “நீ யார், நிரூபி” என்றால், உள்நுழைந்திருப்பவரின் பெயரையும், என்டிஎல்எம் என்ற பழைய அடையாளச் சரிபார்ப்பு முறைப்படி கடவுச்சொல்லைக் கொண்டு கணக்கிட்ட பதிலையும், நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிடும். இல்லாத சர்வரின் பெயருக்கு “நான்தான்” என்றது அவருடைய லேப்டாப்.

கடவுச்சொல் அப்படியே போவதில்லை, உண்மைதான். ஆனால் அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, ஊகிக்கும் சொற்களை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். எத்தனை லட்சம் முறை தவறினாலும் கணக்கு பூட்டிக்கொள்ளாது. கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வருக்குத்தான் சேதியே தெரியாதே. என் கடவுச்சொல், மகளின் பெயரும் அவள் பிறந்த ஆண்டும். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அதை ஒரு தாளில் எழுதி, நான்காக மடித்து என் கையில் கொடுத்தார். நாலு பேர் முன்னால் வாசித்துக் காட்டாமல் விட்டாரே!

எல்எல்எம்என்ஆரை அணைப்பது ஐந்து நிமிட வேலை. எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து விதி வைக்கும் குரூப் பாலிசியில், டிஎன்எஸ் கிளையண்ட் பகுதியில் ‘டர்ன் ஆஃப் மல்டிகாஸ்ட் நேம் ரெசல்யூஷன்’ என்பதைச் செயல்படுத்தினால் போதும். நெட்பயாஸை, கணினிகளுக்கு ஐபி எண்ணைத் (நெட்வொர்க் முகவரியை) தானாக வழங்கும் டிஎச்சிபி வழியாக அணைத்தேன். நிலையான ஐபி வைத்திருந்த 7 கணினிகளுக்கு மட்டும் நேரில் நடந்தேன். மறுநாளே லேபிள் அச்சிடும் கணினி நின்றுபோனது. கிடங்குக் கணினியை அது இத்தனை நாளும் நெட்பயாஸ் தயவில்தான் கண்டுபிடித்துவந்திருக்கிறது. டிஎன்எஸ்ஸில் ஒரு வரி சேர்த்ததும் சரியானது. இல்லாத சர்வரைக் காட்டிய டிரைவ் இணைப்புகளையும் அன்றே களைந்தேன்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். தணிக்கையாளர்தான் 2023 மார்ச்சில் சரிசெய்யப்பட்ட, அவுட்லுக் மின்னஞ்சல் நிரலின் ஓட்டையை நினைவூட்டினார். நினைவூட்டலுக்கான ஒலிக்கோப்பு வெளியிலுள்ள ஒரு சர்வரில் இருப்பதாகக் குறித்து ஒரு மடல் அனுப்பினால் போதும். மடலைத் திறக்காமலே கணினி அங்கே போய்த் தன் என்டிஎல்எம் பதிலைக் கொடுத்துவிடும். அந்த ஓட்டை அடைபட்டாலும், வெளியே போகும் கதவு திறந்தேதான் இருந்தது. ஆகவே கோப்புப் பகிர்வுக்கான வாசலான 445ஆம் போர்ட் வழியாக இணையத்துக்குப் போகும் எதையும் ஃபயர்வாலில் தடுத்தேன். வீட்டுக்குப் போகும் லேப்டாப்களுக்கு விண்டோஸ் ஃபயர்வாலிலேயே அதே விதி.

உண்மையான உழைப்பு அதற்குப் பிறகுதான். வெளிச்செல்லும் என்டிஎல்எம்மை ஒரேயடியாகத் தடுக்கவும் குரூப் பாலிசியில் இடம் இருக்கிறது. எடுத்த எடுப்பில் தடுத்திருந்தால் கணக்குப் பிரிவு என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கும். அதே அமைப்பில் ‘ஆடிட் ஆல்’ என்று வைத்தால் எதையும் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும். இரண்டு வாரம் அப்படியே விட்டு, விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 8001 என்ற எண்ணுள்ள பதிவுகளைப் படித்தேன். எந்தக் கணினி, எந்த நிரல், எந்தச் சர்வர் என்று எல்லாம் அதில் இருக்கிறது. பெரும்பாலானவற்றில் ஒரே கதை: பகிர்ந்த கோப்புறையைப் பெயர் சொல்லாமல் ஐபி எண்ணால் இணைத்திருந்தார்கள். எண்ணால் கூப்பிட்டால், என்டிஎல்எம்மைவிடப் பாதுகாப்பான சரிபார்ப்பு முறையான கெர்பரோஸ் வழக்கமாக வேலை செய்யாது. விண்டோஸ் என்டிஎல்எம்முக்கு இறங்கிவிடும். அப்படி இணைத்துக் கொடுத்தவன், பல ஆண்டுகளுக்கு முன், நானேதான்.

எல்லாவற்றையும் பெயருக்கு மாற்றினேன். அலுவலகக் கணினிகளையும் கணக்குகளையும் ஒரே நிர்வாகத்தில் வைக்கும் டொமைனில் சேராத பழைய சேமிப்புப் பெட்டி ஒன்றை மட்டும் விதிவிலக்குப் பட்டியலில் வைத்தேன். புதிய கடவுச்சொல்லோடு என் நிர்வாகிக் கணக்கை ‘ப்ரொடெக்டட் யூசர்ஸ்’ குழுவில் போட்டேன்; அதில் உள்ள கணக்கால் என்டிஎல்எம்மைப் பயன்படுத்தவே முடியாது. பிறகு பிரிவு பிரிவாகத் தடையைக் கொண்டுவந்தேன். முதல் புகார் என்னுடையதே: ரிமோட் டெஸ்க்டாப்பில் பழக்கதோஷத்தில் ஐபி எண்ணைத் தட்டிவிட்டு, ஏன் உள்ளே விடவில்லை என்று கால் மணி நேரம் முழித்தேன்.

மறுபரிசோதனைக்கு அதே இளைஞர் வந்தார், அதே சுவரில் செருகினார். இந்த முறை காபிக்கு இருவருமாகப் போனோம். திரும்பி வந்தபோது திரையில் ஒரே ஒரு பெயர். முதலாளி வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த சொந்த லேப்டாப். யார் மாடிக்குப் போய்ச் சொல்வது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.